கீசர் சுடவில்லையா?

நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் விடிந்ததுமே தறிச்சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தறிக்குழியில் இறங்குமுன் குளிக்கலாம் என்று கீசரைப் போட்டால், விளக்கே எரியவில்லை. முதலில் எம்சிபி விழுந்திருக்கிறதா பாருங்கள். அடுத்து பிளக். 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்தான் தாங்கும். சின்ன சாக்கெட்டில் மாட்டியிருந்தால் பிளக் முனை கருகியிருக்கும். கருகல் வாசனை வந்தால் பிளக்கைத் தொடவே தொடாதீர்கள், மெயினை அணையுங்கள்.

விளக்கு எரிந்தும் தண்ணீர் சுடவில்லை என்றால், பெரும்பாலும் எலிமென்ட் அல்லது தெர்மோஸ்டாட். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் எலிமென்ட்டைக் கழற்றிப் பாருங்கள் என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அப்பிக்கொண்டு வரும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கி, கம்பி அறுந்துவிடும்.

சரி, யாரைக் கூப்பிடுவது? இழை அறுந்தால் நெசவாளி எந்த இழை என்று தேடிப் பார்த்துத்தான் முடிச்சுப் போடுவார். அப்படிப்பட்டவர் வேண்டும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகு விலை சொல்பவர், மாற்றிய பழைய பாகத்தை உங்கள் கையில் கொடுப்பவர். மின்கம்பியாள் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள். மூடியைத் திறக்காமலே "புதுசு வாங்கிடுங்க" என்றால், இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.