பழைய கம்ப்யூட்டரும் புதிய மூடநம்பிக்கையும்

(செங்கற்பட்டில் ஒரு கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேசப் போவது பழைய கம்ப்யூட்டர்களைப் பற்றி. புராணத்தையும் ஜாதியையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் இந்த இரும்புச் சாமான் பேச்சு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். மூடநம்பிக்கை என்பது கோவிலுக்குள் மாத்திரம் குடியிருக்கிற வஸ்து அல்ல, தோழர்களே! எங்கே ஒருவன் "அது அப்படித்தான்" என்கிறானோ, எங்கே மற்றொருவன் "ஏன்?" என்று கேளாமல் மடியை அவிழ்த்துப் பணம் கொடுக்கிறானோ, அங்கெல்லாம் மூடநம்பிக்கை இருக்கிறது என்றுதான் நான் சொல்லுவேன். அது கம்ப்யூட்டர் கடையிலும் இருக்கிறது.

சங்கதி என்னவென்றால், 2011-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி முதல் தமிழ்நாடு சர்க்கார் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் காலேஜ் பிள்ளைகளுக்கும் விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த எட்டு ஒன்பது வருஷங்களில் ஐம்பது லட்சத்துக்கு மேல் கொடுக்கப்பட்டன. அவைகளெல்லாம் இன்று எங்கே? திருக்கழுக்குன்றத்திலும் திருப்போரூரிலும் சதுரங்கப்பட்டினத்திலும் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் துணி மூட்டைக்குப் பக்கத்தில் தூங்குகின்றன. ஏன் என்று கேட்டால், "அது ஸ்லோ ஆகிவிட்டது, கடைக்காரர் செத்துப் போய்விட்டது என்றார்" என்கிறார்கள். அண்ணன் படித்த லேப்டாப் பரணில் கிடக்க, தங்கை படிப்பதற்குப் புது லேப்டாப் வாங்கவேண்டுமென்று கல் பட்டறையில் கூலி வேலை செய்கிற தகப்பனும், மீன் கூடை சுமக்கிற தாயும் வட்டிக்குப் பணம் தேடுகிறார்கள். கடன் கிடைக்காவிட்டால் பெண்ணின் படிப்புத்தான் முதலில் நிற்கிறது. பையன் படிப்பு நிற்பதில்லை! ஆகவே இது இரும்புச் சாமான் விஷயம் அல்ல. நமது பெண்களின் படிப்பு விஷயம்.

கம்ப்யூட்டர் கிழடாவது எப்படி?

மாட்டுக்கு வயதானால் இழுக்கச் சக்தி குறைகிறது. மனிதனுக்கும் அப்படியே. ஆனால் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற சில்லு, வாங்கின அன்று ஒரு விநாடியில் எத்தனை கணக்குப் போட்டதோ பத்து வருஷம் கழித்தும் அத்தனையே போடுகிறது. பிறகு ஏன் அது தள்ளாடுகிறது? அதன் தலையில் ஏற்றிய சுமை பெருத்துவிட்டது. அவ்வளவுதான்.

ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் மேஜை, பின்னால் கிடங்கு. மேஜையில் இருக்கிற சாமானை உடனே எடுத்துக் கொடுக்கலாம். மேஜை நிரம்பிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் எழுந்து கிடங்குக்கு ஓடி வரவேண்டும். ரேம் என்பது அந்த மேஜை. ஹார்டு டிஸ்க் என்பது அந்தக் கிடங்கு. முதலில் கொடுத்த லேப்டாப்புகளில் ரேம் 2 ஜி.பி.தான். அன்றைய ஓ.எஸ்.ஸுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய விண்டோஸோ, நீங்கள் ஒரு வேலையும் கொடுக்குமுன்பே தன் மூட்டை முடிச்சுகளை மேஜை முழுவதும் பரப்பிக்கொள்ளுகிறது. பிறகு பிள்ளை ஒரு கடிதம் அடிக்க உட்கார்ந்தால் இயந்திரம் கிடங்குக்கும் மேஜைக்குமாக ஓடியே களைக்கிறது. இதைத்தான் கிழடு என்கிறோம்.

நிற்க, கம்பெனிக்காரர்களின் கணக்கையும் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8-ந் தேதி நிறுத்திற்று. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ந் தேதி நிறுத்திற்று. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ந் தேதி பொது ஆதரவு முடிந்தது. "விண்டோஸ் 11-க்குப் போ" என்றால், அதற்கு 4 ஜி.பி. ரேம் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் சில்லானால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறைக்குக் குறையக்கூடாது. அதாவது, உடம்பு கல்லுப்போல் இருக்கிற இயந்திரத்தையும் "உனக்கு உள்ளே இடமில்லை" என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பாதுகாப்புக்காக என்று அவர்கள் சொல்லும் காரணம் முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. திருத்தம் நின்றுபோன ஓ.எஸ்.ஸில் பாங்கிக் கணக்குப் பார்ப்பது ஆபத்துத்தான். ஆனால் அந்த ஓ.எஸ்.ஸை விட்டுவிடவேண்டும் என்பது ஒரு பேச்சு; இயந்திரத்தையே எறியவேண்டும் என்பது வேறு பேச்சு. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லுவதிலேதான் வியாபாரம் இருக்கிறது.

படிக்கக்கூடாது என்றவர்களும் படிக்கலாம் என்றவர்களும்

இதற்கு வேறு வழி உண்டா என்றால் உண்டு. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், எல்லாரும் பயன்படுத்தவும், பிரித்துப் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள ஒரு ஓ.எஸ்.ஸை உண்டாக்கப் போவதாக அறிவித்தார். அதற்கு க்னூ என்று பெயர். 1991-ல் பின்லாந்து தேசத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற காலேஜ் மாணவர் லினக்ஸ் என்ற கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததைத்தான் இன்று லினக்ஸ் என்று சொல்லுகிறோம்.

இதில் விசேஷம் காசில்லாமல் கிடைப்பது மாத்திரமல்ல. நமது தேசத்தில் ஒரு கூட்டத்தார் மாத்திரம் படிக்கலாம், மற்றவர்கள் காதால் கேட்டாலும் குற்றம் என்று வைத்திருந்த ஏற்பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. படிக்கக்கூடாது என்று வைத்தால்தான், "இதிலே என்ன எழுதியிருக்கிறது, நீ சொல்வது சரியா?" என்று எவனும் கேட்கமாட்டான். மூடிவைத்த மென்பொருளும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை. அவன் சொன்னதை நம்பவேண்டியது. அவன் நிறுத்தினால் நிற்கவேண்டியது. லினக்ஸில் எழுதியதெல்லாம் திறந்து கிடக்கிறது. செங்கற்பட்டுப் பெண் பிள்ளை ஒருத்தி படித்துத் திருத்தினாலும் தடுப்பாரில்லை.

இலேசாக்குவது என்றால் என்ன?

லினக்ஸில் பல தினுசுகள் உண்டு. பழைய இயந்திரத்துக்கென்றே சுமையைக் குறைத்துக் கட்டியவைகளை இலேசான லினக்ஸ் என்று சொல்லலாம். சுமையைக் குறைத்தால் உபயோகமும் குறைந்துவிடாதா என்று கேட்பீர்கள். தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். றா, னா, லை, ணை முதலிய எழுத்துக்களுக்கு முன்னே தனித்தனி விசித்திர உருவங்கள் இருந்தன. அச்சுக் கோப்பவருக்கு அவ்வளவும் தனித்தனி அச்சு வேண்டும். குழந்தைக்கு அவ்வளவும் தனித்தனிப் பாடம். பெரியார் 1935-ல் அவைகளை விலக்கி மற்ற எழுத்துக்களைப் போலவே ஆக்கினார். சர்க்கார் 1978-ல் ஒப்புக்கொண்டது. தமிழில் எந்தப் பொருளாவது குறைந்துபோயிற்றா? சுமைதான் குறைந்தது. இலேசான லினக்ஸும் அப்படியே. மினுக்கும் ஜாலக்கும் போயின. எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் வேண்டியது நின்றது. ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் ஓடத் தொடங்கியவுடன் பிடித்துக்கொள்ளும் இடம் சில நூறு எம்.பி.தான், மேஜையின் பெரும் பங்கு உங்களுக்கே மிஞ்சுகிறது.

"இலவசமாகக் கிடைப்பது ஏழைக்குப் போட்ட எச்சில் சாமானாகத்தானே இருக்கும்?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். மாமல்லபுரத்திலிருந்து பழைய மகாபலிபுரம் ரோட்டில் வடக்கே போனால் சிறுசேரியிலும் நாவலூரிலும் எழும்பி நிற்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்களைப் பார்க்கிறீர்களே, அங்கே உள்ளவர்கள் வேலை செய்கிற சர்வர்களில் ஏராளமானவை லினக்ஸில்தான் ஓடுகின்றன. உலகத்தின் மிகப் பெரிய 500 கம்ப்யூட்டர்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். 2017 நவம்பர் முதல் அதில் அத்தனையும் லினக்ஸ்தான். உங்கள் சட்டைப் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் கருவும் அதுவே. ரோட்டின் அந்த முனையில் சம்பளம் கொடுக்கிற வித்தை, இந்த முனையில் மாத்திரம் எச்சிலாகிவிடுமா?

நமது நாட்டிலும் இது புதிதல்ல. சென்னை சி-டாக் நிறுவனத்தார் 2007-ல் பாஸ் என்ற லினக்ஸை வெளியிட்டார்கள். விலையில்லா லேப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதுவும் போட்டே கொடுக்கப்பட்டது. நம் பிள்ளைகளில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸைப் போட்டுக்கொண்டு அதோடு வைரஸையும் வாங்கிக்கொண்டார்கள். கேரளத்திலோ பள்ளிக்கூடங்களே சுதந்திர மென்பொருளுக்கு மாறி, பிள்ளைகள் லினக்ஸிலேயே பாடம் படிக்கிறார்கள். அவர்கள் மூளை நம்முடையதைவிடப் பெரியதல்ல. அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

செய்யும் முறை

இனி வேலையைச் சொல்லுகிறேன். முதலாவது, பழைய போட்டோ, சர்டிபிகேட் முதலியவைகளை வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இன்னொரு கம்ப்யூட்டரில் லினக்ஸை இறக்கி எட்சர், வென்டாய் போன்ற ஒரு கருவியால் பென் டிரைவில் ஏற்றுங்கள். மூன்றாவது, லேப்டாப்பைப் போடும்போது எப்12 போன்ற பொத்தானை அழுத்திப் பென் டிரைவிலிருந்தே ஓடவிடுங்கள். பெரும்பாலான லினக்ஸ்கள் ஹார்டு டிஸ்கைத் தொடாமலே ஓடிக்காட்டும். வைபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, எழுத்துப் பலகை சரியா என்று பாருங்கள். திருப்தியானால் மாத்திரம் நிலையாகப் போட்டுக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள் என்று சொல்லுகிற சாமான் எவ்வளவு யோக்கியமானது பாருங்கள்!

ரேம் 1 ஜி.பி. அல்லது அதற்கும் குறைவானால் ஆன்டிஎக்ஸ், பப்பி, 2 ஜி.பி.யானால் ஆன்டிஎக்ஸ் அல்லது எம்.எக்ஸ்.; 4 ஜி.பி.யானால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எப்சிஇ தினுசு தாராளமாக ஓடும். கையில் கொஞ்சம் பணமிருந்தால் ரேமை ஒரு மடங்கு கூட்டி, சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டுங்கள். புது லேப்டாப்பின் விலையில் இது ஒரு சிறு பங்கே. கடிதம், கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. தமிழ் அடிக்க 1999-ல் சர்க்கார் ஒப்புக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையும் இருக்கிறது.

மாமல்லபுரத்துச் சிற்பக் கொட்டகையில் உளி மழுங்கினால் என்ன செய்கிறார்கள்? கடலிலா எறிகிறார்கள்? உலையில் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்த்துக் கூராக்கி மறுபடியும் கல்லில் வைக்கிறார்கள். ஓ.எஸ். மாற்றுவதும் உளிக்குக் கூர் ஏற்றுவது போன்ற வேலைதான்; இதற்கு எந்த மந்திரமும் வேண்டியதில்லை.

முடியாததையும் சொல்லிவிடுகிறேன்

எல்லாம் நடக்கும் என்று சொன்னால் நானும் ஒரு ஜோசியனாகிவிடுவேன். கடற்கரை உப்புக் காற்றில் போர்டே அரித்துப்போன இயந்திரத்தை எந்த லினக்ஸும் எழுப்பாது. பாட்டரி உப்பியிருந்தால் தொடாதீர்கள், தீப்பிடிக்கும். 2 ஜி.பி. ரேமில் பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்துவைத்தால் லினக்ஸிலும் திணறத்தான் செய்யும். சில அச்சு யந்திரங்களும், விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருள்களும் ஓடாமல் போகலாம். மிகப் பழைய 32 பிட் இயந்திரங்களுக்கு வழி குறுகிக்கொண்டே வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அவைகளில் புதிதாகப் போடும் வசதியை விட்டுவிட்டது. இந்தப் பக்கமும் ஒருநாள் கதவு சாத்துகிறது என்பதை மறைக்கக்கூடாது. ஆனாலும் இங்கே கதவு சாத்தினால், திறந்து வைத்திருக்கிற இன்னொரு வீட்டுக்குப் போகலாம். வேண்டியவர்கள் கூடித் தாங்களே ஒன்று கட்டிக்கொள்ளவும் உரிமை இருக்கிறது.

சிறிய இயந்திரத்தால் என்ன ஆகும் என்று அலட்சியம் செய்யாதீர்கள். இதே கடற்கரையில் தெற்கே புதுச்சேரிப் பக்கத்தில், 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கிராமங்களில் கம்ப்யூட்டர் நிலையங்கள் வைத்தார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற செய்தியை அதில் வாங்கி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். அன்றைய கம்ப்யூட்டர் இன்று பரணில் கிடக்கும் உங்கள் லேப்டாப்பின் பத்தில் ஒரு பங்கு பெறாது. அதற்குக் கொடுத்த வேலை பெரியது, அதுதான் விஷயம்.

ஆகவே தோழர்களே! பரணிலிருந்து இறக்குங்கள். ஒவ்வொரு படிப்பகத்திலும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றாவது ஓடட்டும். ஓ.எஸ். போடும் வேலையைப் பெண் பிள்ளைகள் கையில் முதலில் கொடுங்கள். 2022-ல் மாத்திரம் உலகம் எறிந்த மின்சாமான் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் நாலில் ஒரு பங்குகூட முறையாகச் சேர்க்கப்படவில்லை. அந்த ஈயமும் நஞ்சும் ஏழை வாழும் பக்கத்தில்தான் வந்து கொட்டப்படும்.

கடைசியாக ஒன்று. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறவர்கள், மற்ற நாட்களில் அதன் மூடியைக் கழற்றித் தூசி தட்டுவதில்லை. பொட்டு வைத்தால் ரேம் கூடாது. அதேபோல் லினக்ஸையும் புதுச் சாமியாக்கி என்னைப் பூசாரியாக்கிவிடாதீர்கள். நான் சொன்னேன் என்பதற்காக ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவேண்டாம். பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள். சரியென்று உங்கள் புத்திக்குப் பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், படாவிட்டால் தள்ளிவிடுங்கள். ஆனால், வட்டிக்குப் பணம் வாங்கப் புறப்படுவதற்கு முன் "ஏன்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் புறப்படுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.