கணனிக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்போம்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஏ.எல்.லில் கணிதம் எடுத்தும் கம்பசுக்குப் புள்ளி காணவில்லை. இப்போது ஷார்ஜாவில் ஓர் அலுமினியத் தொழிற்சாலையில் வேலை. லீவிலே அக்கா குடும்பத்தைப் பார்க்க வந்த என்னை, "கணனியைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசு" என்று சங்கத்தார் மேடையேற்றிவிட்டார்கள்.

கணனிக்கு இங்கிலிஷ்தான் தெரியும் என்று நாங்கள் நினைத்துப் பயப்படுகிறோம். உண்மையில் அதற்கு இங்கிலிஷும் தெரியாது. ஒன்றும் பூச்சியமும்தான் தெரியும். மற்றதெல்லாம் மனிசர் இடையில் நின்று சொல்லிக் கொடுத்தது. குவைத்தில் 1982ல் முகமது அல் ஷாரிக் தொடங்கிய சக்ர் நிறுவனத்தின் கணனிகளில், அரபியிலேயே கட்டளை எழுதும் பேசிக் மொழி இருந்தது. 2012ல் நியூயோர்க்கில் ராம்சி நாசர் முழுக்க அரபியில் 'கல்ப்' என்றொரு மொழி செய்தார். கல்ப் என்றால் இதயம்.

எங்களுக்கும் ஒன்று உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்'. அதைப் பற்றி 2009லேயே கட்டுரை எழுதினார். இலவசமாகக் கிடைக்கிறது. 'பதிப்பி' என்று எழுதினால் சொன்னதைத் திரையில் காட்டும். இங்கிலிஷ் வழியில் 'இஃப்' முன்னுக்கு வரும், நிபந்தனை பிறகு. எழிலில் நிபந்தனை முதல், 'ஆனால்' கடைசி:

@( மணி > 8 ) ஆனால்

நாங்கள் பேசுவதும் அப்படித்தானே!

காம்பிலே இருந்து, எங்கள் ஓவர்டைம் கணக்கை இதில் எழுதினேன். எமிரேட்ஸ் சட்டப்படி எட்டு மணித்தியாலத்துக்கு மேல் செய்த வேலைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் மணிக்குரிய கூலியும் அதோடு குறைந்தது 25 வீதமும் தரவேண்டும். பக்கத்துக் கட்டில் ராமநாதபுரத்து அண்ணன் எட்டாம் வகுப்பு வரைதான். திரையை எட்டிப் பார்த்து வாசித்தார். "தம்பி, ராத்திரி பத்துல இருந்து காலைல நாலு வரைக்கும் அம்பது வீதமாச்சே? அதை எங்க?" என்றார். ஷிஃப்ட் முறையில் இல்லாதவர்களுக்கு அது சரிதான். நான் விட்டுவிட்டேன். அந்த வரியை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இங்கிலிஷில் எழுதியிருந்தால் என் பிழை பிழையாகவே கிடந்திருக்கும்.

இங்கே வந்து அக்காவின் மகளுக்கு நானே ஒரு குட்டி மொழி செய்து கொடுத்தேன். நாலே நாலு சொல்: கீறு, திரும்பு, தூக்கு, நில். பைத்தனில் எழுதிய சின்ன நிரல் ஒன்று அந்தச் சொற்களைப் பார்த்துப் பார்த்துக் கோடு போடும். தெரியாத சொல் வந்தால் "விளங்கேல்லை" என்று சொல்லும். அவ்வளவுதான்! பிள்ளை முதலில் 'கீரு' என்று அடித்தாள். "விளங்கேல்லை." மூன்றாம் தரம் 'கீறு' வந்தது, சதுரமும் வந்தது. "மாமா, இதுக்குத் தமிழ் தெரியும்!" என்று துள்ளினாள். தமிழ் வகுப்புக்குப் போக அழுகிற பிள்ளை அவள்.

இதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் பைத்தனும் படிக்கட்டும். ஆனால் தன் சொல்லுக்கு மிஷின் கீழ்ப்படிவதை ஒருதரம் கண்ட பிள்ளை, தமிழை அம்மம்மாவோடு ரெலிபோனில் பேசுகிற மொழி என்று மட்டும் நினைக்காது.

தமிழ் வகுப்பில் ஒரு பழைய மடிக்கணனியை வையுங்கள். நான் திரும்பிப் போகுமுன் அந்த நாலு சொல்லையும் அதில் போட்டுத் தருகிறேன். ஐந்தாவது சொல்லைப் பிள்ளைகள் சேர்க்கட்டும்.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.