வண்ணப் படவில்லையும் வன்னி வெயிலும்

மாரி மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் தை மாதத்தில், காலை வேளையில் இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் ஏறி நிற்பவருக்கு மூன்று நிறங்கள் ஒருங்கே புலப்படும். ஒரு புறம் வானத்து நீலத்தை வாங்கிக்கொண்ட நீர்ப்பரப்பு, கீழே வாய்க்கால் வழியே விரிந்து செல்லும் வயலின் பசுமை, காலடியில் செம்மண். மண்ணியல் அறிஞர்கள் இத்தகைய செம்மண் படிவுகளுக்கு இரணைமடுவின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். இம்மூன்று நிறங்களையும் கண் கண்டவாறே பிடித்து வைத்தல் கூடுமா? கலர் சிலைட் எனப்படும் வண்ணப் படவில்லையை எடுக்க முனைபவர் முதலில் விடை காணவேண்டிய வினா இதுவாகும்.

பலரும் பழகியறிந்த கலர்ப் படத்தில் முதலில் கிடைப்பது நெகற்றிவ். அதிலிருந்து தாளில் அச்சிடும்போது ஸ்ரூடியோக்காரர் ஒரு நிறத்தைக் கூட்டலாம், மற்றொன்றைக் குறைக்கலாம். ஒளி மிஞ்சியிருந்தால் ஓரளவு சரிசெய்யலாம். சிலைட்டில் அதற்கு இடமில்லை. கமெராவினுள் ஒளிபட்ட அதே சுருள்தான் கழுவி எடுத்தபின் படமாகிறது. யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காட்சி அப்படியே தெரியும். ஆதலின் நிறத்தைப் பற்றிய தீர்ப்பிற் பெரும்பகுதி, கடையில் சுருளைத் தெரிவு செய்யும்போதே முடிந்துவிடுகின்றது.

ஒவ்வொரு சுருளுக்கும் தனக்கென ஒரு நிறச் சாயல் உண்டு என்பதை உலகுக்கு உணர்த்தியது கொடாக்குறோம். அதனை ஆக்கியோர் இருவரும் இசைக் கலைஞர்கள். லியோபோல்ட் மான்ஸ் பியானோ வாசிப்பவர். லியோபோல்ட் கொடோவ்ஸ்கி வயலின் வாசிப்பவர். இருட்டறையில் கடிகாரம் பார்க்க இயலாதபோது, தாளம் தவறாமல் இசையைச் சீழ்க்கையடித்து நேரத்தைக் கணக்கிட்டனர் என்று கூறுவர். 1935ஆம் ஆண்டில் சினிமாச் சுருளாகவும், 1936இல் 35 மில்லிமீற்றர்ச் சுருளாகவும் கொடாக்குறோம் வெளிவந்தது. ஆழ்ந்த சிவப்பும், செறிந்த நிழலும், கூர்மையான விளிம்பும் அதன் இயல்புகள். சாயத்தைப் பிறப்பிக்கும் பொருள்கள் சுருளில் இல்லாமல் கழுவும் திரவங்களிலேயே இருந்தமையால், அதனை வீட்டில் கழுவுதல் இயலாது; உரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பியே பெறவேண்டும்.

நமது அயல்நாட்டிலே அச்சுருளின் ஆற்றலை நன்கு உணர்ந்தவர் ரகுபீர் சிங். 1942இல் ஜெய்ப்பூரிற் பிறந்து 1999இல் மறைந்த அவர், கறுப்பு வெள்ளைப் படமே உயர்ந்த கலை என்று மேலைநாட்டார் பலர் எண்ணிய காலத்திலும் வண்ணத்தை விட்டு விலகவில்லை. இந்திய மண்ணிலே வாழ்பவர் உலகைக் காண்பதே நிறத்தில்தான் என்பது அவரது வாதம். கங்கைக் கரையின் படித்துறையும், இராசத்தானத்துப் பெண்களின் தலைப்பாவாடையும் அவர் எடுத்த சிலைட்டுகளில் தத்தம் நிறத்தோடு நிலைத்தன. வெப்பநாட்டு வெயில் படத்துக்குப் பகை என்போருக்கு அவரது படங்களே தக்க மறுமொழி.

கொடாக்குறோமின் உற்பத்தியை நிறுத்துவதாக 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதனைக் கழுவி வந்த கடைசி ஆய்வுகூடமும் 2010ஆம் ஆண்டின் இறுதியோடு புதிய சுருள்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. இன்று தெரிவு செய்யக்கூடியவை சிலவே. 1990இல் வந்த பியூஜி நிறுவனத்தின் வெல்வியா பச்சையையும் சிவப்பையும் மிகுத்துக் காட்டும். அதே நிறுவனத்தின் புறோவியா மிதமானது. 2018இல் மீண்டும் விற்பனைக்கு வந்த கொடாக் எக்டாக்குறோம் நடுநிலை வழுவாதது.

இவற்றை வன்னியிலே வைத்துப் பார்த்தால் வேறுபாடு நன்கு விளங்கும். கார்த்திகைப் பூவின் செம்மஞ்சள் இதழையும், மழைக்குப் பின் தளிர்த்த காட்டின் பசுமையையும் வெல்வியா கண்ணைப் பறிக்கும்படி காட்டும். ஆயின் அதே சுருளில் செம்மண் குங்குமம்போலச் சிவந்துவிடும். வயலில் நிற்கும் உழவரின் முகமும் இயல்புக்கு மேலாகச் செம்மை பெறும். சுண்டிக்குளத்துக்கு வரும் பூநாரைகளின் மெல்லிய இளஞ்சிவப்பு மிதமான சுருளில்தான் மெய்யாக அமையும். அழகுக்காக எடுப்பவர் வெல்வியாவை நாடலாம். முகத்தையும் மண்ணையும் உள்ளபடி பதிய விரும்புபவர் மற்ற இரண்டில் ஒன்றைக் கொள்வதே தகும்.

சுருள் எதுவாயினும் ஒளியை அளந்து விடுதல் இன்றியமையாதது. நெகற்றிவ் ஓரளவு ஒளி மிகுதியைப் பொறுத்துக்கொள்ளும். சிலைட்டிலோ அரைப் படி மிகுந்தாலும் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறைந்து வெறும் வெளிச்சமே எஞ்சும். முல்லைத்தீவுக் கடற்கரையின் வெளிர்மணல் ஒளிமானியை ஏமாற்றிப் படத்தை இருளச் செய்யும். அடர்ந்த காடு அதற்கு மாறாக வெளிறச் செய்யும். மணலையோ காட்டையோ அளவாது, அதே வெயிலில் நிற்கும் புல்லை அளந்துகொள்ளுதல் எளிய உபாயம். உச்சி வேளையை விலக்கிக் காலையையும் மாலையையும் கொள்ளுதல் அதனினும் நன்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் இரவிலே விளக்கொளியில் எடுத்தால், பகலொளிக்கென அமைந்த சுருள் யாவற்றையும் பொன்மஞ்சளாக்கும். நீல வடிகண்ணாடி அதனைக் குறைக்கும். எனினும் அந்தப் பொன்மஞ்சளே அவ்விரவுக்கு உரிய நிறம் என்று விட்டுவிடுவாரும் உளர்.

இனி, கழுவும் முறை. இன்றைய சிலைட் சுருள்களுக்கெல்லாம் பொதுவானது ஈ-6 என்னும் முறை. முதலாவது திரவம் ஒளிபட்ட வெள்ளி உப்பைக் கறுப்பாக்கி ஒரு நெகற்றிவ் உருவை உண்டாக்கும். அடுத்தது, ஒளிபடாது எஞ்சிய உப்பையும் மாற்றத்துக்கு ஆயத்தம் செய்யும். மூன்றாவதான வண்ணத் திரவத்தில் அந்த எஞ்சிய பகுதி கறுப்பாகும்போது அதனோடு சாயங்களும் தோன்றும். பின்வரும் திரவங்கள் வெள்ளி அனைத்தையும் கரைத்து நீக்க, சாயம் மட்டும் நின்று நேரான படமாகும். வீட்டில் கழுவுவோருக்கென மூன்று திரவங்களில் இதனை முடிக்கும் தொகுதிகளும் உள்ளன.

முதலாவது திரவத்தின் வெப்பநிலை 38 பாகை செல்சியஸ். நேரம் 6 நிமிடம். வெப்பநிலை 0.3 பாகைக்கு மேல் பிசகலாகாது. நேரம் கூடினால் படம் வெளிறும், குறைந்தால் இருளும். கறுப்பு வெள்ளைச் சுருளை 20 பாகையிற் கழுவ வேண்டியிருந்தமையால், வெப்பநாட்டார் ஐஸ்கட்டி தேடி அலைய நேர்ந்தது. ஈ-6 முறைக்கோ, சுடுநீர் நிறைந்த தொட்டியில் திரவப் போத்தல்களை நிறுத்தி வைத்தாலே போதும். கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு காய்ந்தபின் வெண்புள்ளியாகப் படியுமாதலால், கடைசித் திரவத்தை வடித்த நீரிற் கலத்தல் வேண்டும்.

படம் உருவான பின்னும் அதற்குப் பகைவர் உளர். கார்த்திகை, மார்கழி மாதங்களின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். படமெறிகருவியின் கடும் ஒளியில் நெடுநேரம் வைத்தால் சாயம் மங்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு, இருளும் குளிர்ச்சியும் உள்ள பெட்டியிலே வைத்தல் நலம்.

எல்லாவற்றினும் பெரிய இடர் வேறொன்று. சிலைட் என்பது ஒன்றே ஒன்று. அது தொலைந்தால் மீண்டும் அச்சிட நெகற்றிவ் இல்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் விட்டு ஊர் பெயர்ந்தபோது, கையில் எடுத்தவற்றையும் ஒவ்வொன்றாக வழியிற் கைவிட நேர்ந்தது. கலியாணப் படங்களும், பிள்ளைகளின் படங்களும், இறந்தோரின் ஒரே படமும் அவ்வாறு போயின. தாய் தந்தையரின் முகத்தைக் காட்ட ஒரு படமேனும் இல்லாத வீடுகள் அங்கு உண்டு. அத்தகைய மண்ணிலே இன்று எடுக்கப்படும் படம் வெறும் பொழுதுபோக்காக அமைந்துவிடாது. பேரன் ஒருநாள் அதனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பாட்டியின் சேலை என்ன நிறம், முற்றத்து மண் என்ன நிறம் என்று பார்ப்பான். அவன் காண்பது உள்ள நிறமாக இருத்தல் வேண்டும்.

ஆதலின் மிகையற்ற சுருளைத் தேர்ந்து, ஒளியைச் செவ்வனே அளந்து, பிசகாமற் கழுவி, கழுவியவுடனே பிரதி ஒன்று எடுத்து அதனை வேறோர் ஊரில், வேறொரு வீட்டில் வைப்பதே முறை. செலவு சிறிது கூடும். முன்பு போனவற்றை எண்ணிப் பார்ப்போருக்கு அது பெரிதாகத் தோன்றாது.