மலை சரியும் முன்னே



போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலை உங்களுக்குத் தெரியும். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே தேனி மாவட்டம். மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டம். விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டு விடுகின்றன. ஆண்களும் பெண்களும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். மாலையில் அதே வழியாகத் திரும்புகிறார்கள். அரிசியும் காய்கறியும் மலைக்குப் போவதும் இந்த வழியில்தான்.

இந்தச் சாலை அடைபட்டால் என்ன ஆகும்? அன்றைய கூலி போகும். நோயாளியைக் கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். கனமழையில் இங்கே மண் சரிகிறது. பாறை உருள்கிறது. அந்த நேரத்தில் ஒரு ஜீப்பு வந்தால் உயிரே போகும்.

மலை சரியப் போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? ஓரளவு முடியும். அதற்கு அளக்க வேண்டும்.

மலை ஏன் சரிகிறது?

புட்டு மாவில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசிறுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும். தண்ணீரை அதிகமாக ஊற்றினால்? கூழாகி வழிந்துவிடும். மலை மண்ணும் அப்படித்தான். மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மண் துகள்களின் இடைவெளியை நிரப்புகிறது. துகள்களைத் தள்ளிப் பிரிக்கிறது. மண்ணின் பிடி தளர்கிறது. பாரமும் கூடுகிறது. பிறகு ஒரு நொடியில் சரிகிறது.

சாலைக்காகச் சரிவை வெட்டினால் மலையின் அடி பலவீனமாகும். தண்ணீர் ஓடும் வாய்க்கால் அடைபட்டால் ஆபத்து இன்னும் கூடும்.

அளவும் எச்சரிக்கையும்

வைகை அணையைப் பாருங்கள். அதன் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது எச்சரிக்கை. 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை. யாரும் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை. அளந்து சொல்கிறார்கள்.

மலைக்கும் இதுபோல் செய்யலாம். போடிமெட்டைத் தாண்டி மேற்கே போனால் பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. மூணாறில் அந்தோணியார் காலனி என்ற இடம் உண்டு. அங்கே 2005-ல் நிலச்சரிவு ஏற்பட்டது. பிறகு அமிர்தா பல்கலைக்கழகத்தார் அந்த மலையில் ஆழமாகத் துளை போட்டார்கள். துளைக்குள் உணர்கருவிகளை இறக்கினார்கள்.

உணர்கருவி என்றால் என்ன? ஒரு மாற்றத்தை உணர்ந்து எண்ணாகச் சொல்லும் கருவி. காய்ச்சலை அளக்கும் தெர்மாமீட்டர் போல. அந்த மலையில் ஒரு கருவி மழையை அளக்கிறது. ஒரு கருவி மண்ணுக்குள் தண்ணீர் தரும் அழுத்தத்தை அளக்கிறது. ஒன்று மலையின் சாய்வைக் கவனிக்கிறது. இன்னொன்று மண்ணுக்குள் எழும் அதிர்வைக் கேட்கிறது.

இந்த எண்கள் கம்பி இல்லாமலே மூணாறில் உள்ள நிலையத்துக்குப் போகின்றன. அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்டத்துக்குப் போகின்றன. அங்கே வல்லுநர்கள் பார்க்கிறார்கள். 2009 ஜூலையில் கனமழை பெய்தது. மண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறியது. உடனே அரசுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள்.

எச்சரிக்கை வந்தும் மலை சரியாமல் போகலாம். மழை ஓய்ந்தால் அழுத்தம் குறையும். அதற்காக எச்சரிக்கையைப் பொய் என்று சொல்லக் கூடாது.

கருவி இல்லாத மலை

2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு. மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடி என்ற தேயிலைத் தோட்டம். மலை சரிந்து தொழிலாளர்களின் லயங்கள் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தார். மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. வெளியே செய்தி தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது.

அந்தோணியார் காலனியில் உள்ள கருவிக்கு அந்த மலையைத்தான் தெரியும். பெட்டிமுடியைத் தெரியாது. இருக்கும் கருவியின் சொல்லும் தொலைபேசி இல்லாத ஊருக்குப் போய்ச் சேராது.

எல்லா மலையிலும் பெரிய கருவி வைக்க நிறையப் பணம் வேண்டும். ஆனால் மழைமானி மலிவானது. ஹாங்காங் ஒரு மலை நகரம். அங்கே 1977 முதல் மழையின் அளவை வைத்து நிலச்சரிவு எச்சரிக்கை கொடுக்கிறார்கள். நம் பக்கத்து வயநாட்டில் ஹியூம் மையம் என்ற அமைப்பு 200-க்கும் மேற்பட்ட இடங்களில் மழையை அளக்க ஏற்பாடு செய்திருக்கிறது. உள்ளூர் மக்களே அளந்து சொல்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

தட்டையான அடியும் நேரான பக்கமும் உள்ள ஒரு டப்பாவை எடுங்கள். மரமும் கூரையும் இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு ஸ்கேல் வைத்து அளங்கள். தண்ணீர் 1 சென்டிமீட்டர் நின்றால் 10 மில்லிமீட்டர் மழை. தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். பிறகு டப்பாவைக் காலி செய்யுங்கள்.

100 மில்லிமீட்டர் மழை என்றால் சிறிய அளவு அல்ல. ஒரு சென்ட் நிலத்தில் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கரில் சுமார் 4 லட்சம் லிட்டர்!

சாலையிலோ மேட்டிலோ வெடிப்பு தெரிகிறதா? இரு பக்கமும் ஒரு முளைக்குச்சி அடியுங்கள். இடைவெளியை அளந்து எழுதுங்கள். நாளுக்கு நாள் கூடினால் மலை நகர்கிறது என்று பொருள். தடுப்புச் சுவர் பிதுங்குகிறதா? மரமும் கம்பமும் சாய்கின்றனவா? ஊற்றுநீர் திடீரென்று கலங்கி வருகிறதா? இவையும் அடையாளங்கள். அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். ஊராட்சிக்குச் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குப் பேசுங்கள்.

போடிமெட்டில் இரண்டு மாநிலங்கள் சந்திக்கின்றன. மழைக்கு எல்லைக்கோடு தெரியாது. பூப்பாறையில் பெய்த மழையைப் போடியில் ஜீப்பு ஓட்டுகிறவர் அறிய வேண்டும். போடியில் சாலை மூடியதை மேலே தோட்டத்தில் இருப்பவர் அறிய வேண்டும்.

ஜீப்பு நிற்கும் இடத்தில் ஒரு கரும்பலகை வையுங்கள். நேற்றைய மழை எத்தனை மில்லிமீட்டர் என்று தினமும் எழுதுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். எண்ணைப் படிக்கவும் தெரியும். காலையில் ஜீப்பில் ஏறுகிற ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டு ஏறட்டும். மழை மிகுந்த நாளில் புறப்படலாமா, பொறுக்கலாமா என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.