கரிசலில் ஒரு கடைக்கால்

(தோழர் ஒருவரின் இல்ல அடிக்கல் நாட்டு நிகழ்வில் ஆற்றிய உரை)



வெள்ளிக்கிழமை 10.30 மணி, ராகுகாலம். பெரியம்மா ஒருவர் என்னிடம் கவலையாகச் சொன்னார். தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள், பெரியம்மா. வாஸ்து புருஷன் ஆண்டில் 8 நாள்தான் விழிப்பானாம், அதுவும் ஒன்றரை மணி நேரம். அவன் தூங்குகிற நாளில்தான் நம் கொத்தனாரும் சித்தாளும் வேலை பார்க்கிறார்கள்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் மட்டுமல்ல. மயமதம் என்கிற மனை நூல், வெள்ளை மண்ணைப் பார்ப்பனருக்கும் சிவப்பைச் சத்திரியருக்கும் மஞ்சளை வைசியருக்கும் கறுப்பைச் சூத்திரருக்கும் ஒதுக்குகிறது. ஐந்தாவது நிறம் அந்தப் பட்டியலில் இல்லை.

நாம் நிற்பது கரிசல். மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மேலோட்டமாகத் தோண்டிக் கட்டினால் சுவர் விரியும். அதற்கு ஈசானிய மூலை மருந்தல்ல. கரிசலை ஆழமாக வெட்டி எடுத்து, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து, மேலே பெல்ட் கான்கிரீட் போட வேண்டும். இங்கே மேஸ்திரி அதைத்தான் செய்கிறார். மண்ணுக்குக் குணம் உண்டு, வருணம் கிடையாது.

இந்தத் தம்பியும் மகளும் சாதி மறுத்துத் திருமணம் செய்தவர்கள். வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" 1917இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கும் இதே கதைதான். கொலம்பியாவில் படித்த மனிதரைப் பார்சி விடுதியிலிருந்து கம்போடு வந்து வெளியேற்றினார்கள். பின்னாளில் அவர் பம்பாய் தாதரில் ராஜகிருகம் கட்டியபோது புத்தகங்களுக்குத்தான் பெரிய இடம் விட்டார். தம்பி, உங்கள் வரைபடத்தில் 'பூசை அறை' என்றிருந்ததை அடித்துவிட்டுப் 'புத்தகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்தேன்.

பத்திரம் இருவர் பெயரிலும் இருக்கிறது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. சட்டம் வர 1989 ஆயிற்று.

இங்கே வந்திருக்கிற இளைஞர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இயக்கத்தில் இருந்துகொண்டே நான் என் வீட்டுக்கு ஐயரை அழைத்துப் பூமி பூசை செய்தேன். அம்மாவின் திருப்திக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்மில் பலர் இன்றும் சொல்கிற அதே வசனம். அது ஐயரோடு நிற்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட சித்தாள் அக்காவுக்கு, என் அம்மா சொம்பைக் கையில் தரவில்லை. உயரத் தூக்கி அவருடைய உள்ளங்கையில் ஊற்றினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்த வீடு முடிந்து குடிபுகுந்த அன்று பசுமாடு நடுவீடு வரை போனது. அதே அக்கா கொல்லைப்புறத்தில் இலை போட்டுச் சாப்பிட்டார். பால் காய்ச்சியதை மறந்துவிட்டேன், அந்த இலை மறக்கவில்லை.

ஆகவே இன்று முதல் கல்லை எடுத்து வைக்க என்னைக் கேட்டபோது மறுத்துவிட்டேன். முப்பது ஆண்டுகளாகக் கல்லும் கலவையும் சுமந்த சித்தாள் அம்மா ஒருவர் அதோ நிற்கிறார். அவருக்குக் கூச்சம், "எனக்கெதுக்குய்யா" என்கிறார். அம்மா, வாங்க. கல்லை நீங்கள் வையுங்கள், மேஸ்திரி மட்டம் பார்க்கட்டும். முடித்துவிட்டு எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவோம். கறிக்குழம்பு ஆறுகிறது.