கடிப்பது கொசு, படுக்க வைப்பது வறுமை

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! உப்புக் காற்றில் திரண்டிருக்கும் மரக்காணத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

டெங்குவுக்குக் காரணம் மக்களின் அலட்சியமே என்று எதிரணித் தலைவர் முழங்கினார். 'தண்ணியைத் திறந்து வச்சிட்டுக் கொசுவைத் திட்டுறாங்க'ன்னார். ஐயா, உங்க வீட்ல குழாயைத் திறந்தா தண்ணி வரும். இங்கே தண்ணி வந்தாத்தான் குழாயைத் திறப்பாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

உப்பு விளையும் பாத்தியில் டெங்குக் கொசு வளராது. அது தேடுவது நல்ல தண்ணீரை. கடலோரத்தில் தோண்டினால் பல இடங்களில் உவர்நீர். அதனால் குழாயில் வரும்போதே குடம், அண்டா, டிரம் என்று பிடித்து வைக்கிறார்கள். இது அலட்சியமா? தேவை ஐயா, தேவை!

வாரம் ஒருமுறை பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். சரிதான். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தேய்க்கத்தான் வேணும். ஆனா, தேய்க்கணும்னா மிச்சத் தண்ணியைக் கொட்டணுமே! அடுத்த குடம் எப்போ கிடைக்கும்னு தெரியாத தாய்க்குக் கை வருமா?

கொசு அதிகமிருந்தும் நோய் குறைந்த ஊர் ஒன்று சொல்லட்டுமா? ரியோ கிராண்டே ஆற்றின் இக்கரையில் அமெரிக்காவின் லாரெடோ. அக்கரையில் மெக்சிகோவின் நுவெவோ லாரெடோ. 1999-இல் ஆராய்ந்தார்கள். கொசு அதிகம் அமெரிக்கக் கரையில். ஆனால் புதிதாக டெங்கு தொற்றியவர்கள் அங்கே 1.3 சதவீதம், மெக்சிகோ கரையில் 16 சதவீதம்! காரணம்? அமெரிக்கக் கரையில் ஏ.சி. இருந்தது, ஜன்னல் மூடியிருந்தது. ஆக, கொசு பணக்கார ஊரிலும் பறக்கிறது. ஏழை வீட்டுக்குள்தான் தாராளமாக நுழைகிறது. (கைதட்டல்)

ஐப்பசி மழை விழுந்தால் உப்பள வேலை நிற்கும். டெங்கு தலைதூக்குவதும் அதே மழைக்காலத்தில். கையில் காசில்லாத நேரம் காய்ச்சல் வந்தால், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்கிறார்கள். தாய்மார்களே, காய்ச்சல் இறங்கும்போதுதான் டெங்குவில் ஆபத்து தொடங்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு இருந்தால் உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நடுவர் அவர்களே! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். உப்பை விளைவித்தவர் வீட்டுக் குழாயில் தினமும் தண்ணீர் வரட்டும். டிரம்முக்கு மூடி கிடைக்கட்டும். அதன்பிறகும் திறந்து வைத்தால், அப்போது அலட்சியம் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். இன்று, வசதியின்மையே என்று சொல்லுங்கள்.