வீடும் கதையும்



பழைய வீடு ஒன்றைக் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண் இட்டு, வேறோர் ஊரில் மீண்டும் கட்டிவிட முடியும். அந்த வீட்டில் சொல்லப்பட்ட கதைகளை அவ்வாறு கொண்டுபோக முடியுமா? இக்கேள்விக்கு வேல்ஸ் நாட்டு மக்கள் கண்ட விடையை இன்று நாம் பார்ப்போம்.

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபுக்கு மேற்கே செயின்ட் ஃபேகன்ஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1948-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் நகரில் 1891-இல் ஆர்ட்டர் ஹாசிலியஸ் அமைத்த ஸ்கான்சன் அருங்காட்சியகமே இதற்கு வழிகாட்டி. அரசர்களின் வாளும் மகுடமும் அல்ல, குடியானவர்களின் வீடும் தொழுவமும் பள்ளிக்கூடமும் கடையுமே இங்கே அரும்பொருள்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்து 40-க்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

கவர் தீபகற்பத்திலிருந்து வந்த பண்ணை வீடு ஒன்றின் சுவர்கள் செக்கச் செவேலென்று இருக்கும். சிவப்பு நிறம் தீய ஆவிகளை அண்டவிடாது என்பது அக்கால நம்பிக்கை. மெர்தர் டிட்ஃபில் நகரில் இரும்பு ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த 6 வரிசை வீடுகளும் இங்கே உள்ளன. அவற்றை 1805-ஆம் ஆண்டு தொடங்கி 1985 வரை, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலத்துக்கு உரியதாக அலங்கரித்திருக்கிறார்கள். ஆறு வாசல்களில் நுழைந்து வெளிவந்தால் 180 ஆண்டுகளைக் கடந்துவிடுகிறோம்.

ஆனால், அடுப்பும் நாற்காலியும் மட்டுமா வீடு? குளிர்கால இரவுகளில் அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசியவர்கள் எங்கே? பாலா வட்டாரத்தில் அண்டை அயலார் ஒரு வீட்டில் கூடிக் கம்பளிக் காலுறை பின்னுவது வழக்கம். கை பின்னிக்கொண்டிருக்க, வாய் கதை சொல்லும். காலுறையை எந்திரம் பின்னத் தொடங்கியதும் அந்தக் கூட்டம் கலைந்தது. கூட்டம் கலைந்தால் கதைக்கு இடம் ஏது? பின்னாளில் வானொலியும் தொலைக்காட்சியும் வந்து, மக்களைக் கேட்பவர்களாகவே ஆக்கிவிட்டன. மொழியும் தேய்ந்தது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வேல்ஷ் பேசினார்கள். 2021-இல் அது 17.8 விழுக்காடாகக் குறைந்துவிட்டது.

இந்த இழப்பை அருங்காட்சியகத்தார் முன்கூட்டியே உணர்ந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்றார்கள். ராபின் குவின்டாஃப் போன்ற அறிஞர்கள் 1960-களிலிருந்து முதியவர்களின் கதைகளையும் பழமொழிகளையும் நம்பிக்கைகளையும் ஒலிநாடாவில் சேர்த்தார்கள். இது பெரும் தொண்டு. எனினும் ஒலிநாடாவுக்கு ஒரு குறை உண்டு. அது என்றும் ஒரே மாதிரிதான் சொல்லும். குழந்தை கண்ணை அகல விரித்தால் சற்று நிறுத்தாது, "அப்புறம்?" என்று கேட்டால் பதில் சொல்லாது.

அந்தக் குறையை நிறைவு செய்வதுதான் கதை விழா. கிளமோர்கன் கடற்கரையில் உள்ள செயின்ட் டோனட்ஸ் கோட்டையில், 1993-ஆம் ஆண்டு, 'எல்லைக்கு அப்பால்' என்று பொருள்படும் பெயருடன் பன்னாட்டுக் கதைசொல்லும் விழா தொடங்கியது. 2021-இல் டினெவர் பூங்காவுக்கு இடம் மாறியது. வார இறுதி நாட்களில் நடப்பதால் பெற்றோர் பிள்ளைகளுடன் வரமுடிகிறது. கதைசொல்லியின் கையில் புத்தகம் இருக்காது. கேட்பவர் முகம் பார்த்து அவர் கதையை நீட்டுவார், குறுக்குவார். வேல்ஷ் மொழியில் கதைசொல்லிக்கு வழங்கும் 'கவர்வித்' என்னும் சொல்லுக்கு, நன்கு பழகியவர், அறிந்தவர் என்ற பொருளும் உண்டு. எவ்வளவு பொருத்தமான சொல்!

ஆக, வேல்ஸ் மக்கள் கண்ட விடை இதுதான்: வீட்டைக் காப்பதற்குக் கல்லும் சுண்ணாம்பும் போதும், கதையைக் காப்பதற்குச் சொல்ல ஒருவரும் கேட்க ஒருவரும் வேண்டும். கேட்டவர் மறுநாள் சொல்பவராக மாறவும் வேண்டும். பிற்பாதி நடக்காவிட்டால் விழாவும் வெறும் வேடிக்கையே.

நேயர்களே, இதற்குக் கோட்டையும் கூடாரமும் தேவையில்லை. இந்த வார இறுதியில் நம் வீட்டு மூத்தவர் ஒருவரைக் கதை சொல்லச் சொல்லுவோம். அதை அவர் யாரிடம், எந்த ஊரில் கேட்டார் என்பதையும் குறித்துக்கொள்வோம். கைப்பேசியில் பதிவு செய்துகொள்வதும் நன்று. ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். அடுத்த வாரம் அதே கதையைப் பிள்ளைகள் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். அவர்கள் சொல்லும்போது நாம் இடைமறித்துத் திருத்தாமல் கேட்போம்.